அடுத்த பஸ்ஸுக்கு நின்றவள்

சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தான் விடியும். அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் தூக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வருவதில்லை. கையோடு கொண்டுவந்து மிச்சத்தை பஸ்ஸில் தூங்குகிறார்கள். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தமிழர் கடைவீதியான தேக்காவுக்குப் போகும் மாடி பஸ்ஸில் இருட்டோடு ஏறிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஏர்கான் குளிரில் கண்ணாடியெல்லாம் பனி பூத்திருக்கும். மேல் மாடியில் ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். சாலையின் இரண்டு ஓரத்திலும் தூங்குமூஞ்சி மரங்கள். அவையும் இலையை மூடிக்கொண்டு தூங்கும். அவற்றுக்கு நடுவே பஸ் போவதைப் பார்த்தால், ஓட்டுகிறவர் ஒருவரைத் தவிர ஊரில் யாருமே விழித்திருக்கவில்லை என்று தோன்றும்.

அந்த ஒருவர் ரகுபதி.

ரகுபதி அண்ணனின் அக்கா சரசு வீட்டில் கடைசி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். மயிலாடுதுறையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன். எனக்குப் பெண் தேடி என் ஜாதகம் தமிழ்நாட்டில் சுற்றாத மாவட்டம் இல்லை. நான் பார்க்காத ஊரெல்லாம் அது பார்த்திருக்கிறது. இதுவரை ஒருவர்கூட என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை. "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நம்புகிறேன்.

அந்த வீட்டில் பஸ் டிரைவர் என்ற சொல்லுக்கு அனுமதி கிடையாது. "கேப்டன்னு சொல்லுங்க தம்பி. கம்பெனியே அப்படித்தான் சொல்லுது" என்பார் சரசு அக்கா. தம்பியைத் தன் கையால் வளர்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு, தம்பி ஓட்டும் பஸ்ஸிலேயே தேக்கா மார்க்கெட்டுக்குப் போவார். கீழ் மாடியில் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஏறுகிற ஒவ்வொருவரையும், கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் பார்ப்பதுபோல் பார்ப்பார். அவருடைய வீட்டுக்காரர் மாணிக்கத்துக்கு ஒரு காண்டோமினியக் குடியிருப்பில் காவல் வேலை. பேச வேண்டியதையெல்லாம் அங்கேயே வாக்கிடாக்கியில் பேசிவிடுவாரோ என்னவோ, வீட்டில் பேசமாட்டார்.

ரகுபதிக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் "ஷிஃப்ட் வேலை லா" என்பார். இந்த ஊரில் பாதிப் பேச்சு 'லா'வில்தான் முடியும்.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாட்களில், காலை ஷிஃப்ட் முடிந்து அவர் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அப்படி ஒரு மத்தியானம். சரசு அக்கா நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரைப் பிரட்டலும் வைத்துவிட்டுக் கீழே துணி வாங்கப் போயிருந்தார். ரகுபதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடக் காணோம்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க அண்ணே."

"ஒருத்தங்கள கோப்பி குடிக்கக் கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவீங்க?"

"வாங்க, காப்பி குடிக்கலாம்னு கூப்பிடுவேன்."

"ஆம்பளைய இல்ல லா."

நான் தட்டை நகர்த்திவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். உலகத்தில் தண்ணீரில் இறங்காமலே நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருப்பவன் என்னைப் போல் இன்னொருவன் இருக்க முடியாது.

"யாரு அண்ணே?"

"பேரு தெரியாது. நம்ம பஸ்ல ஏறுவாங்க. பஸ் இண்டர்சேஞ்ச் தாண்டி, மேடு ஏறினதும் ஒரு ஸ்டாப் இருக்குல்ல, அங்க. ஏறும்போது 'மார்னிங்'னு சொல்வாங்க. மத்தவங்களும் சொல்வாங்க, ஆனா கார்டு தட்டுற மெஷினப் பாத்துச் சொல்வாங்க. இவங்க என்னப் பாத்துச் சொல்வாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நேரா மாடிக்குப் போயிடுவாங்க. பின் கதவுல இறங்கிடுவாங்க. ஒரே ஒரு தடவ முன்னால வந்து, 'தேங்க்ஸ் அண்ணே'ன்னு தமிழ்ல சொன்னாங்க."

"அண்ணேன்னா சொன்னாங்க?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"தம்பி, மீன் விக்கிறவரக் கூட அண்ணேன்னுதான் சொல்றோம். அவரு என்ன நம்ம கூடப் பொறந்தவரா?"

அடுத்த இரண்டு வாரமும் எங்கள் மத்தியானங்கள் இதிலேயே போயின. பஸ்ஸை ஓட்டிக்கொண்டே கேட்டுவிடலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார். "யூனிஃபார்ம்ல கேக்கக் கூடாது தம்பி. ஓட்டுறவன் கேட்டா, பாவம், அவங்களால இறங்கவும் முடியாது, உக்காரவும் முடியாது." லீவு நாளில் சாதாரண ஆளாகப் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. நீலக் கட்டம் போட்ட சட்டை என் தேர்வு. வாசனைத் தைலமும் என்னுடையதே. பேச வேண்டிய வாக்கியங்களையும் நானே எழுதிக் கொடுத்தேன். இலக்கண சுத்தமாக இருந்தன. ரகுபதி ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போன அன்று, வெயில் ஏறிய பிறகுதான் திரும்பி வந்தார். முதுகெல்லாம் வியர்வை. ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீரை அப்படியே குடித்தார்.

"என்னாச்சு அண்ணே?"

"மேல் மாடிக்குப் போனேன் தம்பி. இத்தன வருஷமா ஓட்டுறேன், ஓடுற பஸ்ல மேல போய் உக்காந்ததே இல்ல. அதே ரோடு, ஆனா வேற ஊரு மாதிரி இருக்கு. மரமெல்லாம் முகத்துக்கு நேரா வருது, கிட்ட வந்ததும் விலகிக்குது. எனக்குத் தெரியாம எல்லாரும் இதப் பாத்துக்கிட்டே வந்திருக்காங்க." கண்கள் இன்னும் அங்கேயே இருந்தன.

"அது சரி, அவங்க?"

"முன் சீட்டுல இருந்தாங்க. தள்ளி உக்காந்து, எக்ஸ்கியூஸ் மீன்னேன். பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான்தான் உங்க பஸ் கேப்டன்னேன். நம்பல. அவங்க பாக்குறது என்னோட இடது பக்கத்த மட்டும்தானே? திரும்பி இடது காதக் காட்டினேன். அப்புறம்தான் சிரிச்சாங்க."

"பிரமாதம்! அப்புறம்?"

"நீங்க எழுதிக் குடுத்தது மறந்துபோச்சு. 'சண்டே ஒரு கோப்பி சாப்பிடலாமா'ன்னேன். 'இல்லண்ணே, வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'நோ ப்ராப்ளம், ஹேவ் எ நைஸ் டே'ன்னு சொல்லிட்டு மணிய அழுத்தி அடுத்த ஸ்டாப்ல இறங்கிட்டேன்."

"எந்த ஸ்டாப்?"

"தெரியல தம்பி. ஓட்டும்போது ஒவ்வொரு ஸ்டாப்பும் தெரியும். இறங்கி நின்னா எதுவுமே தெரியல. கால்வாய் ஓரமா நடந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். துக்கம் இருந்தது, ஆனால் அதற்குள்ளே ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. கெஞ்சவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, பின்னால் போகவில்லை. முகத்துக்கு நேராக ஒரு 'வேணாம்' வாங்கி, அதை மரியாதையாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கலந்து பேசிக்கொண்டே இருக்கும் குடும்பங்களிடம் மட்டும் பழகிய எனக்கு அது பெரிய சாதனையாகத் தெரிந்தது. அதோடு முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

முடியவில்லை. அடுத்த வாரம் சாப்பிட உட்கார்ந்தவர், "அவங்க ஏறல" என்றார்.

"லீவா இருக்கும் அண்ணே."

"ஸ்டாப்லதான் நிக்கிறாங்க. நான் நிறுத்தறேன், கதவத் திறக்கறேன். மத்தவங்க ஏறுறாங்க. அவங்க ஃபோனப் பாக்குறாங்க. தலையத் தூக்கவே இல்ல."

மறுநாள் விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றாளாம். கீழே செருப்பு மட்டும் தெரிந்ததாம். டிசம்பர் மழை தொடங்கிவிட்ட சமயம். இங்கே அந்த மழை நேராகப் பெய்யாது. சாய்ந்து சாய்ந்து, பஸ் நிறுத்தத்தின் கூரைக்குள்ளேயே புகுந்து பெய்யும். குடையை முன்னால் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றாளாம், அடுத்த பஸ்ஸுக்கு.

"கதவத் திறந்தே வச்சிருந்தேன் தம்பி. உள்ள இருந்தவங்க 'அங்கிள், போலாம் லா'ன்னு சத்தம் போடுறாங்க. சாரல் கார்டு மெஷின் வரைக்கும் அடிக்குது. அவங்க அசையல. அப்புறம் மூடிட்டு வந்துட்டேன்." கையை உதறிவிட்டு எழுந்தார். "அவங்க வேணாம்னு சொன்னது எனக்கு வலிக்கல. என்னால ஒருத்தங்க மழைல நிக்கிறாங்க பாருங்க."

தினமும் அதே கதைதான். அவர் அந்த மேட்டை நெருங்கும்போது கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது என்றார். மழை பெய்தால் ராத்திரியே ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஆலோசனை வரும்போது அடக்க முடியாது. "இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க அண்ணே, மறந்துடுவாங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாக. சமையலறையில் மிக்ஸி நின்றது.

சரசு அக்கா தேங்காய்த் துருவல் ஒட்டிய கையோடு வந்து நின்றார். "யாரு மறந்துடுவாங்க?"

விசாரணை அதிக நேரம் நீடிக்கவில்லை. அக்காவிடம் ரகுபதியால் எதையும் மறைக்க முடியாது. என்னாலும் முடியாது, வாடகை ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதாவிட்டாலும்.

முழுவதும் கேட்டுவிட்டு அக்கா சொன்னது எங்கள் இரண்டு பேரையும் திடுக்கிட வைத்தது. "அட கூறுகெட்டவனே. பஸ்ல வச்சு நேரா கேட்டா எந்த நல்ல பொண்ணுடா சரின்னு சொல்லுவா? வேணாம்னு சொல்றதுதான் முறை. வீட்டு மனுஷங்க போய்க் கேக்கணும்னு அர்த்தம்."

"அக்கா, வேணாம்னா வேணாம்னு அர்த்தம்."

"உனக்கு என்ன தெரியும்? உங்க மாமா வீட்லேர்ந்து கேட்டு வந்தப்ப நானும்தான் வேணாம்னு சொன்னேன்."

எல்லோரும் மாணிக்கம் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கால்பந்தைப் பார்த்தபடியே, "அப்பவே நம்பியிருக்கணும்" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"அக்கா, நீ எங்கயும் போகக் கூடாது" என்றார் ரகுபதி. "ப்ளீஸ்."

"நான் எங்கடா போறேன்" என்றார் அக்கா. சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, இன்னும் இருட்டாக இருக்கும்போதே என் அறைக் கதவு தட்டப்பட்டது. சரசு அக்கா பட்டுப்புடவையில் நின்றார். கையில் சூப்பர்மார்க்கெட் பை. பைக்குள் எவர்சில்வர் தட்டு, ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை, ஒரு முழம் மல்லிகை.

"தம்பி, சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க. ஒத்த ஆளா போகக் கூடாது."

"மாமாவக் கூட்டிட்டுப் போங்க அக்கா."

"அவரு டூட்டில. வாங்க, ரகு பஸ் போயிருக்கும். அவனுக்குத் தெரியவே வேணாம்."

மறுத்திருக்கலாம். ஆனால் அடிமனதில் எனக்கும் ஒரு சபலம் இருந்தது. அக்கா சொல்வதுபோல் ஒருவேளை சரியாகிவிட்டால்? பெண் பார்க்கப் போன அனுபவம் எனக்கு நிறைய; வெற்றிகரமாகத் திரும்பிய அனுபவம்தான் இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. மேட்டு நிறுத்தத்தின் விளக்கு வெளிச்சத்தில் சாரல் வெள்ளை நூலாக இறங்கியது. ஒரு சீனத் தாத்தா உட்கார்ந்திருந்தார். விளம்பரப் பலகையின் ஓரத்தில் குடையோடு அவள் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம் கலையாத முகம். சரசு அக்கா தட்டை வெளியே எடுத்து அடுக்க ஆரம்பித்தார். தாத்தா ஆரஞ்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆரஞ்சு கொடுக்கும் சீனப் புத்தாண்டு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல் இருந்தது.

"பேரு என்னம்மா?"

"இளமதி." சொல்லிவிட்டுத்தான் தட்டைப் பார்த்தாள்.

"நான் கேப்டன் ரகுபதியோட அக்கா. அவன் உன்ன பஸ்ல வச்சுக் கேட்டது தப்பும்மா. மரியாதையா கேட்டிருக்கணும். அதான் நானே வந்தேன்."

"அக்கா, நான் அவருகிட்ட வேணாம்னு சொல்லிட்டேனே."

"அது அவன் கேட்டதுக்கு. இப்ப நான்ல கேக்கறேன்?"

"கேக்குற ஆளு மாறினா பதில் மாறுமா அக்கா?"

"எங்க வீட்டப் பத்தித் தெரிஞ்சா மாறும். சொந்த வீடு, நாலாவது மாடி, லிஃப்ட் வாசல்லயே..."

"எனக்கு வீடு வேணாம் அக்கா. வீட்லேர்ந்துதான் இப்பத் தப்பிச்சு வர்றேன்." குடையின் மேல் மழை தட்டியது. அவள் குரல் உயரவில்லை, களைத்துப்போயிருந்தது. "ஒரு தடவ வேணாம்னு சொன்னேன். அதுக்கு ரெண்டு பேரு பழத்தோட வர்றீங்க. இன்னொரு தடவ சொன்னா ஊரே வருமா?"

அப்போதுதான் மேட்டின் அடியில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. மழையில் தாமதமாகி, எங்களுக்கு முன்பே போயிருக்க வேண்டிய பஸ் இப்போது வந்துகொண்டிருந்தது. கப்பல் கரை சேர்வதுபோல் மெதுவாக வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே மங்கலான வெளிச்சத்தில் ரகுபதி.

அவர் முதலில் பட்டுப்புடவையைப் பார்த்தார். பிறகு தட்டை. அப்புறம் என்னை. நான் அப்போது மல்லிகைப் பூவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதைவிட மோசமாக ஒரு மனிதன் நிற்க முடியும் என்று தோன்றவில்லை. கடைசியாக அவர் அவளைப் பார்த்தார். அவள் இந்தமுறை ஃபோனைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தாள்.

"சாரிம்மா" என்றார் ரகுபதி.

சீனத் தாத்தா ஏறினார். கதவு மூடியது. சக்கரம் தண்ணீரைக் கீறிக்கொண்டு போயிற்று. சிவப்பு விளக்கு மரங்களுக்குள் கரையும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சரசு அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "என் தம்பி உன்னத் தொந்தரவு பண்ணானாம்மா?"

"இல்லக்கா. நல்ல மனுஷன். மரியாதையாத்தான் கேட்டாரு, மரியாதையாத்தான் இறங்கினாரு."

"அப்புறம் ஏன் அவன் பஸ்ல ஏறாம மழைல நிக்குற? எம்ஆர்டி ரயில்ல போனா பாதி நேரம்தானே?"

"பாதி நேரம்தான். அதனாலதான் பஸ்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "நான் ஜாலான் புசார்ல ஹார்ட்வேர் கடைல கவுண்டர்ல நிக்குறேன் அக்கா. காலைலேர்ந்து கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இந்த சைஸ் ஸ்க்ரூ இருக்கா, அந்தப் பைப் இருக்கா. வீட்ல அம்மா படுக்கைல. தம்பி பிள்ளைங்க ரெண்டு. அங்கயும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இந்த ஒரு மணி நேரம் பஸ்ல மட்டும்தான் யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க. மேல போய் உக்காந்தா, முதல் மரம் வரும்போதே தூங்கிடுவேன்."

"அவன் பஸ்லயும் தூங்கலாமேம்மா. அவன் ஒண்ணும் செய்யமாட்டான்."

"தெரியும். மறுநாள் ஏறத்தான் நினைச்சேன். ஆனா கீழ ஒருத்தரு நம்மள நினைச்சுக்கிட்டு ஓட்டுறாருன்னு தெரிஞ்சா எப்படிக்கா தூங்குறது?"

அடுத்த பஸ் வந்தது. அவள் ஏறும்போது சரசு அக்கா ஒரு ஆரஞ்சை எடுத்து நீட்டினார். "இது பொண்ணு கேக்கறதுக்கு இல்ல. சும்மா." இளமதி ஒரு கணம் தயங்கி, வாங்கிக்கொண்டாள்.

தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். லிஃப்டில் அக்கா, "எனக்கும் இருந்துச்சு தம்பி அப்படி ஒரு நேரம். மத்தியானம் எல்லாரும் போனப்புறம். பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு சும்மா உக்காந்திருப்பேன்" என்றார்.

மத்தியானம் ரகுபதி வந்தார். சாப்பாட்டு மேஜையில் மீன் தலைக் கறி. குற்ற உணர்ச்சி வந்தால் சரசு அக்கா மீன் தலைதான் வாங்குவார். ரகுபதி கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, "என்ன சொன்னாங்க?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். ஒன்றையும் விடாமல், எதையும் சேர்க்காமல். என் வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசி வாக்கியம் வந்ததும் அவர் கை நின்றது.

"அந்த ஒரு மணி நேரத்துலயா போய்க் கேட்டேன்" என்றார். "யூனிஃபார்ம் போடாம போனா போதும்னு நினைச்சேன் தம்பி."

கொஞ்ச நேரம் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஜாஃபர்கிட்ட பேசணும்" என்றார்.

"எதுக்கு?" என்றார் அக்கா.

"அவன் ஃபீடர் ஓட்டுறான். மாத்திக்கலாம்னு."

ஃபீடர் என்பது பேட்டைக்குள்ளேயே சுற்றும் பஸ். இண்டர்சேஞ்சில் கிளம்பி, அடுக்குமாடிகளை ஒரு சுற்று சுற்றி, இண்டர்சேஞ்சுக்கே வந்து சேரும். அதை ஓட்டுகிறவர்கள் நாள் முழுக்க ஓட்டியும் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள்.

"செக்கு மாடு மாதிரி சுத்தப் போறியா?" அக்காவின் குரல் பொங்கிவிட்டது. "நீ என்னடா தப்பு பண்ண? கேட்ட, வேணாம்னா, வந்துட்ட. நீ ஏன் ஓடணும்? ஆசைப்பட்டு வாங்கின ரூட்டு. தேக்கா பஸ் கேப்டன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"ஓடல அக்கா. யாராச்சும் ஒருத்தர் அந்த பஸ்ஸ விட்டாகணும். இப்ப அவங்கதான் தினம் விடுறாங்க, மழைல நின்னு. எனக்கு ரோடு போனா இன்னொரு ரோடு. அவங்களுக்கு இருக்கறது அந்த ஒரு மணி நேரம்."

"ஞாயித்துக்கிழம நான் யாரு பஸ்லடா போறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அக்காவுக்கு என்ன போகிறது என்று. ரகுபதிக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவர் மீனின் கண்ணை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார். அவர்கள் வீட்டில் அது பெரிய விஷயம். அக்கா அதைச் சாப்பிடவில்லை, தள்ளியும் வைக்கவில்லை.

ஜாஃபருக்கு நம்பவே முடியவில்லை. வீட்டுக்கே வந்துவிட்டார், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக் டீயோடு. "அண்ணே, உங்களுக்குக் காய்ச்சலா? எல்லாரும் அந்த ரூட்டுக்கு வரிசைல நிக்குறாங்க. நான் ஃபீடர்ல சுத்திச் சுத்தி, வீட்ல படுத்தாலும் கட்டில் லெஃப்ட்ல திரும்புது லா. காரணம் என்ன?"

"சொந்தக் காரணம்."

"சூப்பர்வைசர் கேட்டா?"

"தலை சுத்துது, லாங் ரூட் வேணாம்னு சொல்லியிருக்கேன்."

"தலை சுத்துறவனுக்கு ஃபீடரா?" ஜாஃபர் விழுந்து விழுந்து சிரித்தார். ரகுபதியும் சிரித்தார். வாசல்வரை போய் வழியனுப்பும்போது மட்டும் சொன்னார்: "மேட்டு ஸ்டாப்ல கொஞ்சம் ஸ்லோவா எடு. அதுக்கப்புறம் வர்ற திருப்பத்துல பிரேக் போட்டா மேல இருக்கறவங்க முழிச்சுக்குவாங்க."

புது வருஷம் பிறந்தது. மழை வெறித்தது. ரகுபதி பேட்டைக்குள் சுற்றத் தொடங்கினார். சரசு அக்கா மூன்று ஞாயிறு மார்க்கெட்டுக்கே போகவில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிய மீனைக் குறை சொல்லியபடியே சமைத்தார்.

ஒருநாள் விடிகாலையில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. தேக்காவில் போய்த் தோசை சாப்பிடலாம் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். இண்டர்சேஞ்சில் ஜாஃபரின் பஸ்ஸில் ஏறி, மேல் மாடியில் கடைசி வரிசையில், ஒரு தொப்பிக்காரரின் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தேன். மேடு வந்தது. பஸ் நின்றது. படியில் காலடிச் சத்தம். இளமதி வந்து முன் இருக்கையில் உட்கார்ந்து, குடையைக் காலுக்கடியில் வைத்து, கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். முதல் மரம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கிளைகள் அவள் முகத்துக்கு நேரே வந்து வந்து விலகின. வானம் சாம்பலிலிருந்து நீலமாக மாறியதை அவள் பார்க்கவில்லை. ஜாலான் புசாருக்கு முந்திய நிறுத்தம் வந்ததும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் எழுந்தாள்; குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன்.

தோசை சாப்பிடவில்லை. நேராக எம்ஆர்டி பிடித்துத் திரும்பி, இண்டர்சேஞ்சில் ஃபீடருக்கு நின்றேன். காய்கறிப் பையோடு இரண்டு சீன ஆன்ட்டிகள், மருத்துவமனை அட்டையோடு ஒரு மலாய்ப் பெரியவர், அவர்களுக்குப் பின்னால் நான்.

"என்ன தம்பி, இந்த நேரத்துல?" ரகுபதியின் முகம் தெளிவாக இருந்தது. பெரியவர் உட்காரும்வரை வண்டியை எடுக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. ஓட்டும்போது பேசக் கூடாது என்று பலகை வேறு. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் முன்னால் குனிந்தேன்.

"அண்ணே, இன்னிக்கு நான் தேக்கா பஸ்ல..."

"வேணாம் தம்பி."

"நல்ல சேதி அண்ணே."

"நல்லதா இருந்தாலும் வேணாம்." அவர் சிக்னலைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னிக்கு நீங்க சொல்லிட்டா, நாளைக்கு நானா வந்து கேப்பேன். அப்புறம் தினம் ஜாஃபர்கிட்ட கேப்பேன். அவங்க தூங்கும்போது மறுபடியும் ஒருத்தன் நினைச்சுக்கிட்டே இருப்பான்."

பச்சை விழுந்தது.

"பிடிச்சுக்குங்க தம்பி, வளைவு வருது."

நான் வாயையும் கம்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.